ஐம்பது நிமிடச் சார்ஜ்

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் எடுக்கும்?"

சாரங்கன் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்டான். உள்ளே இருந்த பெண் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். விமான நிலையச் சமையற்கூடத்துச் சீருடை; தூங்கி விழும் கண்கள்.

"இப்பதான் தம்பி கொழுவினனான். ஐம்பது நிமிசம் எண்டு காட்டுது."

சாரங்கனுக்கு அழுகை வராத குறை. கர்க்லாண்டின் இந்தக் கடைத்தொகுதி வாசலில் மின்கார்களுக்கென்று இருப்பதே இரண்டு சார்ஜர். ஒன்று குளிரில் விறைத்துப்போய் வேலை செய்யவில்லை. வெளியே மைனஸ் இருபத்தாறு. இரவு வேலை முடித்து வந்து, வீடு கூட்டி, மனைவி ஜெயனிக்கு ஒரு தடித்த கோட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு பொட்டு நித்திரை இல்லாமல் புறப்பட்டிருந்தான். நேற்று ஏற்றிய சார்ஜில் பாதியைக் குளிரே குடித்துவிட்டது. மிச்சம் ஐந்து வீதம்.

நாலு மணிக்கு ஜெயனி டோர்வல் விமான நிலையத்தில் பெட்டியோடு வெளியே வருவாள். கலியாணம் முடித்துப் பத்தாம் நாள் அவளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். ஸ்பொன்சர் விசா சரிவர மூன்று வருடம் பிடித்தது. இந்த ஊர்ப் பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாதவள். வந்ததும் இவன் முகத்தைத்தானே தேடுவாள்? இப்போதே இரண்டே முக்கால்.

ஹீற்றரை அணைத்துவிட்டுக் காருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நேரே வந்து அந்தப் பெண்ணின் காரில் ஏறினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் சாப்பிடச் சாப்பிட அவர் என்னவோ சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

'சரிதான்! நல்ல இடம் பிடிச்சிருக்கினம்' என்று சாரங்கன் முணுமுணுத்தான். யார் வீட்டுக்குத் தெரியாமல் நடக்கிற கூத்தோ! ஐந்து வீதம் நாலாகியது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் மறுபடியும் போய்த் தட்டினான்.

"அண்ணை, வரேக்க பற்றரியைச் சூடாக்கிற பட்டனை அமத்தியிருந்தா இருபது நிமிசத்தில முடிஞ்சிருக்கும். தெரியாதோ?"

"தெரியும் தம்பி. வேணுமெண்டுதான் அமத்திறேல்லை" என்றார் அவர்.

அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். சாரங்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு மனிசி வாறா. ஏர்போர்ட்டில தனிய நிக்கப்போறா. மூண்டு வருசம், அண்ணை!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பாதிச் சாப்பாட்டோடு பெட்டியை மூடினாள். அவர் இறங்கிப்போய் வயரைக் கழற்றினார்.

"வாங்கோ தம்பி, கொழுவுங்கோ. எங்களுக்கு ஓடுறதுக்கு இந்தச் சார்ஜ் காணும். ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கத்தான் காணாது."

சாரங்கன் தன் காரைக் கொண்டுவந்து கொழுவினான். வீதம் ஏறத் தொடங்கியது. வெட்கமாகவும் இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட, அவள் காரின் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். பஸ் திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றார்.

"நல்ல உதவி செய்தியள், அண்ணை. அவவும் நீங்களும் ஒரே வேலையோ?" அரைமனதாகத்தான் கேட்டான்.

"ஒரே வீடு, தம்பி. என்ர மனிசி. கலியாணம் கட்டிப் பதினாறு வருசம்." அவர் கார்க் கதவைத் திறந்தார். "நான் வேலை முடிஞ்சு போக அவ நித்திரை, நான் எழும்ப அவ வேலைக்குப் போயிடுவா. இப்ப அவ வேலை முடிஞ்சு வீட்டை போறா, நான் காரை எடுத்துக்கொண்டு வேலைக்கு. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் காணுறது இந்தச் சார்ஜ் ஏறுற ஐம்பது நிமிசம்தான். கோடையில அதுவும் இருபது."