சம்பள நாள் விருந்தாளி

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் நாத்தனார் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

ஒண்ணாம் தேதி சூரியன் உதிக்கிறதோ இல்லையோ, இவள் உதித்துவிடுவாள். தையல் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் ஓட்டி, இடுப்பு விட்டுப்போய்ப் படியேறி வந்த தையல்காரிக்கு அவளைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிற்று. சம்பளக் கவர் இன்னும் கைப்பையில்தான் இருந்தது.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. மருந்துக்கடையில் வேலை. அவள் வீட்டுக்காரருக்கும் நல்ல சம்பளம்தான். ஆனாலும் பத்து மாதமாக இதே கதை. வாடகைக்கென்று தனிக் கவரில் போட்டுப் பின் அடித்து வைக்கிற பணத்தை, கைமாத்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். வெளியூரில் இருக்கும் வீட்டு ஓனர் இருபதாம் தேதிதான் வாடகை வாங்க வருவார். அன்று காலையில் டாண் என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதுவும் அதே கவரில். புதுக் கவர் ஒன்று வாங்கினால் சொத்து கரைந்துவிடுமாம்.

ஆனால் அதுவரை தையல்காரிக்குத் தூக்கம் ஏது? போன வருஷம் இரண்டு மூன்று தடவை வாடகை தள்ளிப்போனதில், இன்னொரு தடவை தவறினால் வீட்டைக் காலி பண்ணிவிடுங்கள் என்று ஓனர் கறாராகச் சொல்லியிருந்தார்.

புருஷனிடம் சொல்லி அலுத்துவிட்டது. ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனுஷன், நாளெல்லாம் பிள்ளைகள் போடுகிற கூச்சலைத் தாங்குகிறவர், இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காதவராகிவிடுவார்.

கீழ் வீட்டு அக்காதான் கண்ணைத் திறந்து வைத்தாள்.

"உன் பணத்த அவ வட்டிக்கு விட்டு சம்பாதிக்கிறாடி. இல்லன்னா மாசாமாசம் எதுக்குக் கேக்கணும்? நீ ஒரு இளிச்சவாய்."

அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அதனால், "அண்ணி, அந்தப் பணம்..." என்று நாத்தனார் ஆரம்பித்ததுமே தையல்காரி முந்திக்கொண்டாள்.

"இந்த மாசம் இல்லம்மா. இனிமேலும் இல்ல. அவங்கவங்க சம்பளத்துல அவங்கவங்க குடும்பம் நடத்தப் பழகிக்கணும்."

சொல்லிவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அவளை உற்றுப் பார்த்தாள். கோபப்படவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "சரி அண்ணி" என்று கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது முகத்தில் சிரிப்பு வேறு. திமிர்தான், வேறென்ன?

மறுநாளே கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, அப்படித்தான் கறாராக இருக்கணும் என்று மெச்சினாள். மெச்சிய கையோடு, வண்டி ரிப்பேருக்குக் கொஞ்சம் பணம் கேட்டாள். வாடகைக்கு முன்னாடி கண்டிப்பாகத் தந்துவிடுவாளாம். நல்ல வார்த்தை சொன்னவள், அவளிடம் எப்படி மறுப்பது?

கம்பெனியில் பக்கத்து மெஷின்காரி ஆஸ்பத்திரிச் செலவென்று கண்ணைக் கசக்கினாள். பாவம். சூப்பர்வைசருக்குப் புது போன் வாங்கக் கொஞ்சம் குறைந்தது. அவர் ஒன்றும் பாவமில்லை. ஆனால் லீவு வேண்டுமென்றால் அவர் முகத்தில்தானே விழித்தாக வேண்டும்? 'இல்லை' என்கிற வார்த்தை தொண்டை வரை வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான்.

இருபதாம் தேதி நெருங்கியபோது கவர் காலி. கீழ் வீட்டில் பூட்டு தொங்கியது. மெஷின்காரி அடுத்த மாசம் என்றாள். சூப்பர்வைசர் புது போனில் பேசிக்கொண்டே, அப்புறம் பார்க்கலாம் என்று கையை ஆட்டினார். புருஷன் சம்பளம் மளிகைக்கும் பிள்ளைகள் படிப்புக்குமே பற்றவில்லை.

இருபதாம் தேதியும் வந்தது. மத்தியானம் ஓனர் வந்துவிடுவார். வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்துக்கடைக்கு நடந்தாள். மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் போகட்டும் என்று ஓரமாக நின்றாள். கடைசியில் ஒரு வழியாக வாயைத் திறந்து, வாடகை கட்டப் பணமில்லை என்றாள்.

நாத்தனார் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து ஏடிஎம்முக்குப் போய்ப் பணத்தை எடுத்து வந்து கையில் வைத்தாள்.

"முதல்ல ஓனருக்குக் குடுங்க அண்ணி. எனக்கு மெதுவாக் குடுத்தாப் போதும்."

வாங்கிக்கொண்டவளுக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் முந்தி வந்தது.

"உங்கிட்டதான் இவ்வளவு பணம் இருக்கே. அப்புறம் எதுக்கும்மா மாசாமாசம் எங்க வயித்துல புளியைக் கரைச்ச? வட்டிக்கா விட்ட?"

"ஒரு மாசமாவது கவரைப் பிரிச்சேனா அண்ணி? நீங்க அடிச்ச பின்னைக்கூட எடுத்ததில்லையே."

தையல்காரி யோசித்துப் பார்த்தாள். ஆமாம், கவர் போனபடியேதான் வந்தது. வாடகையும் இந்தப் பத்து மாதத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"உங்களால யாருக்கும் இல்லைன்னு சொல்ல முடியாது. அதான் மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி நானே வந்து கேட்டு வாங்கி வச்சேன்."

"இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, பணம் பத்திரமாத்தானே இருக்குன்னு எங்கிட்டேருந்து வாங்கி ஊருக்குக் குடுத்திருப்பீங்க." நாத்தனார் கலைந்து கிடந்த மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு எனக்கு இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, அண்ணி ஒரு வழியா இல்லைன்னு சொல்லப் பழகிட்டாங்கன்னு சந்தோஷமாத்தான் வீட்டுக்குப் போனேன்."