அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ்

“இன்னுமா அந்தப் பொம்பள பேசி முடிக்கல? கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.”

சட்டைக்குப் பொத்தான் வைத்தபடியே அம்மா முணுமுணுத்தாள். தையல் மிஷின் பக்கத்தில் போன் முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது. மிஷின் ஓடும்போது இயர்போன் வயர் துணியில் மாட்டிக்கொள்கிறது என்று மகள் அதைக் கழற்றிப் போட்டு ஆறு மாதமாகிறது. அன்றிலிருந்து அந்த இங்கிலீஷ் டீச்சரின் குரல் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு சட்டை தைத்ததில்லை.

“இன்னும் ரெண்டு வரிதாம்மா. பெரிய கடையில வேலைக்குக் கேட்கப் போறேன்ல, நாலு வார்த்தை பேசத் தெரிய வேணாமா?”

பெரிய கடையும் இல்லை, வேலையும் இல்லை. எல்லாம் அம்மாவுக்காகச் சொன்ன பொய்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அம்மாவைப் பரிசோதித்த டாக்டர் மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கால் மணி நேரம் சொன்னதில் இவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். கேன்சர் என்ற சொல்லை யாரும் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்து, “வயித்துல புண்ணாம்மா. நாள்பட மருந்து சாப்பிடணுமாம்” என்று சொல்லிவிட்டாள். கேட்டிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே தமிழ் தெரிந்த ஆளைக் கூட்டிவந்திருப்பார்கள். ஆனால் அந்த ஆள் நேரே அம்மாவிடம் அல்லவா சொல்லிவிடுவார்! அன்றைக்கே போனில் தேடிப் பிடித்தாள் அந்தப் பாடங்களை. மேலே ஒலி, கீழே அதே வரிகள் எழுத்தில். கேட்டுக்கொண்டே படிக்கலாம், மெதுவாகவும் ஓட்டலாம், காசு இல்லை. ‘டாக்டரிடம் பேசுவது’ என்று தனியாகவே நாற்பது பாடம் இருந்தது.

வார்த்தைகள் சீக்கிரம் பிடிபட்டன. இலக்கணம்தான் தண்ணி காட்டியது.

போன வாரம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், முப்பத்தொன்றில் விட்டுப்போன பாடம் முப்பத்துநாலில் நின்றது. அதுபாட்டுக்கு ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி முப்பத்தொன்றிலிருந்தே கேட்டாள்.

“கிளம்பலாமாடி? பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்று அம்மா ஊசியைக் குத்தி வைத்தாள்.

டாக்டரின் அறையில் இரண்டே நாற்காலிகள். கட்டிலின் மேல் விரித்த காகிதம் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார், திரையில் எதையோ தேடி எடுத்தார். பிறகு அம்மாவிடமே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள். “டாக்டர், மை மதர் டோன்ட் நோ. ப்ளீஸ், டெல் மீ ஒன்லி. டோன்ட் சே தட் வேர்ட்.”

டாக்டர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையின் பிரிந்த தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். மறைப்பது தனக்குச் சரியாகப் படவில்லை என்றார் டாக்டர். அவள் “ப்ளீஸ்” என்றாள். சொன்ன விதத்தில் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாடத்தில் வரும் டாக்டர்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. மருந்து இனி கேட்காது. ஈரலுக்கும் பரவிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நல்லது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

“ஹவ் லாங்?” என்றாள்.

“த்ரீ மன்த்ஸ். மேபி ஃபோர்.”

ஒரு சொல்லைக்கூட அவள் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதம் ராப்பகலாய் உயிரைக் கொடுத்துப் படித்தது இதைப் புரிந்துகொள்ளத்தானா? அந்தப் பாழாய்ப்போன பாடங்களைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

“என்னவாம்?” என்றாள் அம்மா.

“புண்ணு நல்லா ஆறிட்டு வருதாம்மா.” குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் கசப்பு மாத்திரைகூட இனிமே வேணாமாம்.”

“நல்லதாப் போச்சு. அது உள்ள போனாலே குடலப் புரட்டிக்கிட்டு வரும்.” அம்மா டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வெளி வராந்தாவில் நாலடி நடப்பதற்குள் அவள் நின்றுவிட்டாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் அம்மாதான் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“கண்ணுல தூசிம்மா.”

“தூசிதான். யாரு இல்லேன்னா?”

ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்துபோனாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன மகளின் விரல்களை எடுத்து அம்மா தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் பேசுற. தயங்காம பேசுற” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்பவும் பிரியமாகச் சொன்னாள்:

“ஆனா ‘மை மதர் டோன்ட் நோ’ இல்லடி… ‘டஸன்ட் நோ’.”