கேட்டு வந்தவர்கள்

"அப்பா, இந்த போட்டோவை மாத்தியே ஆகணும். இதுல உங்களுக்குத் தலை நிறைய முடி இருக்கு."

தாலா கிண்டலாகச் சொல்லவில்லை. ஹிக்மத்துக்குத்தான் சுருக்கென்றது.

பிஸ்கட் கம்பெனியில் சேரும்போது எழுதிய பயோடேட்டா அது. அதற்கப்புறம் தேவைப்படவே இல்லை. குமாஸ்தாவாகச் சேர்ந்து, பர்சனல் மேனேஜர் வரைக்கும் உயர்ந்து, அடுத்தவர்கள் பயோடேட்டாவை ஒரு நிமிஷம் புரட்டிவிட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தவர். போன மாதம் கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் முதலில் ஓரமாகத் தள்ளியது இவரைத்தான்.

"வயசு போடவாப்பா?"

"வேண்டாம்."

"வேலையை விட்ட காரணம்?"

"அதுவும் வேண்டாம்."

"சரி, திறமைகள்னு ஒரு இடம் இருக்கு. உங்களைப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

பெற்ற பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை யோசிப்பது ஹிக்மத்துக்கு வெட்கமாக இருந்தது. வேலை போனதை விட இதுதான் அதிகமாக வலித்தது. யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் மனைவி நுஹா வேகமாக உள்ளே வந்தாள்.

"ஃபவ்ஸி வர்றார். கூட ஹாஜி தௌஃபீக், இன்னும் ரெண்டு பெரியவங்க. எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு வர்றாங்க."

ஃபவ்ஸி அதே தெருக்காரன். அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். படிப்பு எட்டாவதோடு சரி. ஒரு காலத்தில் ஹிக்மத்திடம் வேலை கேட்டு வந்து, உட்காரக்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவன்.

"வேடிக்கை பார்க்க வர்றான். நான் தூங்குறேன்னு சொல்லிடு."

"ஹாஜி வர்றப்ப தூங்குறாருன்னா சொல்றது? எழுந்திரிங்க." நுஹா தாலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "எனக்கென்னவோ விஷயம் வேறன்னு படுது. ஃபவ்ஸிக்குக் கல்யாண வயசுல பையன் இருக்கான்ல?"

ஹிக்மத்துக்கு முகம் சிவந்தது. கம்பெனி கார் வாசலில் நின்ற நாளில் இந்தத் தெருவில் எவனுக்காவது அந்தத் தைரியம் வந்திருக்குமா?

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மழை பற்றி, ஆலிவ் விளைச்சல் பற்றிப் பேச்சு போனது. ஹிக்மத்தே ஏலக்காய் மணக்கும் காபியைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார்.

ஹாஜி வாங்கினார். குடிக்காமல் மேஜை மேல் வைத்தார். மற்ற மூவரும் அப்படியே வைத்தார்கள்.

ஹிக்மத்துக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பெரிதாக ஏதாவது கேட்டு வருகிறவர்கள், அதிலும் பெண் கேட்டு வருகிறவர்கள்தான் இப்படி வைப்பார்கள். 'காபியைக் குடிங்க' என்று வீட்டுக்காரர் சொன்னால் சம்மதம். அதுவரை யாரும் கோப்பையைத் தொட மாட்டார்கள்.

"அபூ தாலா," ஊர் வழக்கப்படி 'தாலாவின் அப்பா' என்று மரியாதையாக அழைத்துத் தொடங்கினார் ஹாஜி. "உன் வீட்டுல ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கோம். எங்களை வெறுங்கையோட..."

"நடக்காது ஹாஜி."

"முழுசாக் கேளுப்பா."

"என்னத்தைக் கேட்கிறது? எனக்கு வேலை போச்சுன்னா என் பொண்ணு மலிஞ்சு போயிட்டாளா? யூனிவர்சிட்டியில படிக்கிறவ. அலுமினியம் அறுக்கிறவன் வீட்டுக்கா அனுப்புவேன்?" ஃபவ்ஸியின் பக்கம் திரும்பினார். "நான் நாற்காலியில இருந்தப்ப என் முன்னால நிக்கவே நடுங்குவே நீ. இப்ப கோட்டு மாட்டிக்கிட்டு வர்ற அளவுக்கு ஆயிடுச்சா?"

உள்ளே நுஹா "ஐயோ" என்றது வெளியே கேட்டது.

ஃபவ்ஸி தழும்பேறிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாஜி குழம்பிப்போய்க் கேட்டார். "பொண்ணா? பொண்ணை யாரு கேட்டா? இவன் பையனுக்குத்தான் இர்பித் ஊர்ல நிச்சயமே ஆயிடுச்சே."

"அப்ப..."

"உன்னைத்தான்யா கேட்டு வந்தோம்! பட்டறை பெரிசாயிடுச்சு. ஆளுங்களைக் கட்டி மேய்க்க இவனால முடியல. அந்த வேலை தெரிஞ்ச மனுஷன் இந்த ஊர்லயே அபூ தாலா ஒருத்தர்தான்னு ஒத்தக்கால்ல நின்னு எங்களைக் கூட்டிட்டு வந்தான்."

ஹிக்மத்துக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இந்த நாற்காலியோடு அப்படியே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே ஃபவ்ஸி..." என்றார் ஹிக்மத் மெல்ல.

"நானும் அதையேதான் சொன்னேன்," என்றார் ஹாஜி. "சும்மாதானே இருக்கார், கூப்பிட்டா ஓடி வருவாருன்னு. இவன் கேட்கல."

"விடுங்க ஹாஜி," என்றான் ஃபவ்ஸி.

"என்னத்தை விடுறது? தெரியட்டும். 'நான் கூப்பிட்டு வேலை கொடுத்தா அவர் தினம் என் முன்னால தலை குனியணும் ஹாஜி. நாம பெரியவங்களோட போய்க் கேட்போம். நான் கேட்டவனா இருக்கேன், அவர் கொடுத்தவரா இருக்கட்டும்'னான்."

ஹிக்மத் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். கண்தான் நிறைந்தது.

அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தார். ஃபவ்ஸி எழுந்திருக்கவில்லை. நான்கு கோப்பைகளையும் மெல்ல அவர் பக்கமாக நகர்த்தினான்.

"காபி ஆறிப்போச்சு அபூ தாலா. சூடா வேற ஊத்துங்க. மொதல்லேருந்து கேட்கிறோம்."