ஜன்னலோரத்து பிரேக்கர்

ஏரிக்கரையில் வீடாகிவிட்ட பழைய பேருந்து, தான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக மதிய வெயிலில் கனவு காணும். ஃபிரிட்ஜ் அதிரும்போதெல்லாம் பிரேக்கர் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும். மின்விசிறி நிற்கும், கனவும் கலையும்.

"தகரத்துல உரசி வயர் தோலுரிஞ்சு கிடக்கு. அதைப் பாருங்க" என்றது பிரேக்கர்.

வீட்டுக்காரர் தேவசகாயத்துக்குக் கேட்கவில்லை. "இது வேலைக்கு ஆகாது" என்று அதைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டினார்.

பேருந்து கனவில் மலைப்பாதை ஏறி, மேகங்களுக்குள் நுழைந்தது. மேகத்தில் மெல்லக் கருகல் வாசனை அடித்தது.

"தம்பி, சூடு தெரியலையா? ஏன் இன்னும் ட்ரிப் ஆகல?" என்றது ஜன்னலோரத்து பிரேக்கர்.

"தெரியுது அண்ணே" என்றது புதியது. "உங்களை ஏன் கழட்டினாங்கன்னும் தெரியும்."