வலைக்கடியில் இருந்த நிஜம்

என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லின் மேல் சத்தியம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

சண்டை நடந்த காலம். எதிரியை ஏமாற்றுவதற்காக ஒரு ரப்பர் விமானத்துக்குக் காற்றடித்து, விமானத் தளத்தின் நடுவில் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். நிஜப் போர் விமானத்தை ஓரத்து மரத்தடியில், இலை செருகிய வலையால் மூடி வைத்திருந்தார்கள். காக்கைகள் அதன் முதுகுக்கு வெள்ளையடித்திருந்தன.

நிஜத்துக்கு வயிறு எரிந்தது. "ஏண்டா பலூன் பயலே, நான் நிக்க வேண்டிய இடத்துல உனக்கென்ன வேலை?"

"காத்தடிச்சாங்க, நிக்கிறேன் அண்ணே," என்றது ரப்பர். "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. மேல ஆள் வருது."

வந்தது எதிரியின் ஆளில்லா விமானம், வயிற்றில் ஒரே ஒரு குண்டோடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பியது. "உங்கள்ல யாருப்பா நிஜம்?" என்று கேட்டது.

ரப்பர் மூச்சு விடவில்லை. நிஜத்துக்குப் பொறுக்கவில்லை. வலையை உதறிவிட்டு, "நான்தான். சத்தத்தையே முந்திப் பறக்கிறவன். அது வெறும் காத்து," என்றது.

ஆளில்லா விமானம் அதன் முதுகைப் பார்த்துச் சிரித்தது. "குண்டு வச்சிருக்கிறவன்கிட்ட வந்து எந்த நிஜமாவது நான்தான்னு சொல்லுமா? போய்க் குளிடா."

குண்டை ரப்பரின் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் புது ரப்பர் ஒன்று வந்து நின்றது. நிஜம் வாயே திறக்காமல் வலையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டது.

இப்போது அது, குண்டைத் தன் சாமர்த்தியத்தால் ஏமாற்றியதாகச் சொல்லித் திரிகிறது. உண்மையை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அது தினமும் என் வீட்டுக் கூரைக்கு மேலேதான் பறக்கிறது.