தோல் உரிந்த ஒயர்

தோட்டத்துப் பெட்ரோல் டிராக்டர் மறுபடியும் கிளம்பவில்லை. இன்ஜினை நிறுத்தும் சுவிட்சின் ஒயருக்குத்தான் காரணம் தெரியும். அதன் தோல் உரிந்து, உள்ளிருந்த செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்ததால் மின்சாரம் அந்த வழியே ஓடிப்போய், ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியே பிறக்கவில்லை. சொன்னால் வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று ஒயர் வாயே திறக்கவில்லை.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி அப்பியிருந்தது. "இதான் கோளாறு" என்றார்.

"அண்ணே, என் மேல தப்பில்லன்னு நீங்களாவது சொல்லுங்க" என்று பிளக் ஒயரிடம் கெஞ்சியது. ஒயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. பிளக் காயலான் கடைச் சாக்குக்குள் போய் விழுந்தது.

புதுப் பிளக் போட்டும் டிராக்டர் கிளம்பாததால் மெக்கானிக் ஒயரைத் தடவிப் பார்த்தார். வெட்டவில்லை, டேப்பைச் சுற்றினார், அவ்வளவுதான். இன்ஜின் உறுமியது.

"எனக்கு முன்னாடி இருந்தவர் என்ன தப்பு பண்ணினார், அண்ணே?" என்று கேட்டது புதுப் பிளக்.

ஒயர் தன் புது டேப்புக்குள் ஒடுங்கிக்கொண்டது. பிறகு, "கறுப்பா இருந்தான்" என்றது.