செருப்போடு

செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய்விட்டாள் அந்த அம்மா.

கல்லூரி முதல்வர் அறைக்குள். டக் டக்கென்று.

வெளியே கூடிய பெண்களோடு இவளும் நின்றாள். எல்லோரும் உள்ளே நடக்கும் சண்டையைக் கேட்டார்கள். இவள் காதில் அந்தச் செருப்புச் சத்தமே நின்றது.

"எம்பொண்ணு மேல கைய வெச்சவன் இங்க பாடம் நடத்தக் கூடாது. மொதல்ல அவன வெளிய அனுப்புங்க. அப்புறம் பேசலாம்."

அவன்.

குணசீலன் சாரை ஒருத்தி 'அவன்' என்கிறாள்.

"ஆர்த்திகா அம்மா மானத்த வாங்குதுடி," என்று பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இவள் எட்டிப் பார்த்தாள்.

திறந்த கதவு வழியே ஆர்த்திகா தெரிந்தாள். அழுதுகொண்டிருந்தாள். அவள் பிடரியில் அம்மாவின் கை. அத்தனை கத்தலிலும் அந்தக் கை விலகவில்லை.

கொடுத்து வைத்தவள்.

நேற்று லேபில் அவர் தொட்டதும் கத்தினாள். உடனே வீட்டுக்குப் போன். காலையில் அம்மா வந்து நிற்கிறாள். அவ்வளவு சுலபம்.

இவளுக்கும் அம்மா இருக்கிறாள். போன வருடம் வந்தாள். செருப்பை வராந்தாவிலேயே விட்டுவிட்டு, மஞ்சப்பை நிறைய முருங்கைக்காயோடு. சார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மகளுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே.

கிளம்பும்போது சொன்னாள், "சார் சொல்றத தட்டாம கேளு புள்ள."

அடுத்த வாரம், எல்லோரும் போனபின் லேபில் இருக்கச் சொன்னார்.

இருந்தாள்.

வாசலில் இவள் செருப்பு மட்டும் கிடந்தது.

இன்றுவரை போனில் அம்மா முதலில் கேட்பது, "சார் நல்லாருக்காரா?"

நல்லாத்தான் இருக்கார்.

உள்ளே சத்தம் அடங்கியது. அந்த அம்மா வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"எம்பொண்ணு பொய் சொல்றாளாம். இத்தனை வருஷத்துல வேற யாருமே புகார் சொல்லலையாம். உங்கள்ல ஒருத்திக்குமா நடக்கல?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஆர்த்திகாவையும் நம்பவில்லை. இவளுக்கு ஒரு கணம் இனித்தது. அம்மா வந்தும்.

ஆர்த்திகா உள்ளே தனியாக நின்றாள். பிடரியில் இப்போது கை இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவள் நடந்தாள்.

அறை வாசலில், பழக்கத்தில், கால் செருப்பை உதறியது.

நின்றாள்.

மறுபடி மாட்டிக்கொண்டாள்.